ஒரு சொம்பு ஊர்க்கூழ்

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பத்தரை மணிக்கு கேட் அருகே அம்மன் கூழ், அனைவரும் வருக, கப் அங்கேயே வழங்கப்படும். திருவள்ளூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் வந்தால் எங்கள் அடுக்ககம். நான் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. முழங்காலைத் திட்டிக்கொண்டே கையில் ஒரு எவர்சில்வர் சொம்போடு இறங்கினேன். கீழே ஒரு மேசை, அதன்மேல் மஞ்சள் துணி, துணியின்மேல் குழாய் வைத்த பெரிய டிரம். டி-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் குழாயைத் திருகித் திருகிக் காகிதக் கப்பில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் சொம்பைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பார்சல் இல்ல அங்கிள். இங்கயே எவ்ளோ வேணா குடிங்க.”

சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கப்பை வாங்கினேன். எழுபது வயதைத் தாண்டியவன் பிச்சைப் பாத்திரத்தோடு பிடிபட்டவன்போல் நின்றது எனக்கே வேடிக்கையாக இருந்தது. கப்பை மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த கேழ்வரகு வாசனை வரவில்லை, பாக்கெட் மோர் வாசனைதான் வந்தது. மேலே மட்டும் நறுக்கிய சின்ன வெங்காயம் மிதந்தது. அது போதும். ஐம்பது வருடம் பின்னால் போக எனக்கு அவ்வளவு பெரிய வண்டி ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் கூழ் குடித்தவரா என்று தெரியவில்லை. குடித்தவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கவரப்பேட்டைக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து ஒரு மைல் உள்ளே. சுற்றிலும் நெல் வயல். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ். வெள்ளிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்துவிடுவார்கள். சனிக்கிழமைக்குள் தெரு முழுக்க ஒரே புளிப்பு வாசனை. மாலையில் அரிசி நொய்யை வேகவிட்டு, அதில் அந்தப் புளித்த மாவை ஊற்றி, துடுப்பால் கை ஓயக் கிண்ட வேண்டும். கிண்டும்போது பேசக்கூடாது, பேசினால் அடிப்பிடிக்கும். என் அம்மா பேசாமல் ஒரு வேலையும் செய்தவள் இல்லை. ஆகவே எங்கள் வீட்டுக் கூழ் வருடா வருடம் தீய்ந்தது. ஊருக்கே தெரியும். ஞாயிறு காலையில் அதைக் கரைத்து, மோரும் உப்பும் வெங்காயமும் போட்டு, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பானையில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போவார்கள்.

இதுவரை எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதற்கு அப்புறம்தான் எங்கள் ஊர். பானைகளை வரிசையாக வைத்து, கற்பூரம் காட்டிப் படைத்த பிறகு, ஒவ்வொரு பானையையும் ஒரே பெரிய அண்டாவில் கவிழ்த்துவிடுவார்கள். கெட்டிக் கூழ், தண்ணிக் கூழ், உப்பு கூடியது, உப்பு மறந்தது, அம்மாவின் தீய்ந்தது, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு ஊர்க்கூழ் என்று பெயர். இரண்டு மைல் தள்ளி அதையே பொதுக்கூழ் என்பார்கள். ஆரணி ஆற்றுக்கு அக்கரையில் கலப்புக்கூழ். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் ஒரு சொம்பு திருப்பி ஊற்றுவார்கள். கொண்டுவந்த பானை வெறுமையாக வீடு திரும்பக்கூடாது என்பது எங்கள் ஊரின் கட்டு. திரும்பினால், அந்த வீட்டை ஊர் தள்ளி வைத்துவிட்டது என்று பொருள். யாரையும் கூட்டம் போட்டுத் தள்ளி வைக்க மாட்டார்கள். பானையை வெறுமையாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அப்படி நடந்ததை என் அப்பா தன் சிறு வயதில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாராம். அந்தக் குடும்பம் தை மாதம் அறுவடை முடிந்ததும் ஊரைவிட்டே போய்விட்டதாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அண்டாவில் காலனிக்காரர்களின் கூழ் கலக்கவில்லை. அவர்களுக்குத் தனி அம்மன், தனி அண்டா, தனி ஞாயிறு. ஊர்க்கூழ் என்று நாங்கள் பெருமையாகச் சொன்ன ஊர் அவ்வளவு சின்னது. அப்போது அது எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு நட்டு-போல்ட்டுக் கம்பெனியில் சேர்ந்தது எழுபதுகளில். இருபத்திரண்டு வயது. டெரிலின் பேண்ட் ஒன்று, சட்டை இரண்டு. ஊரில் நான் நடந்து போனால் மண்ணில் கால் படாது. கம்பெனியில் கேன்டீன் என்று பெயருக்கு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. உள்ளே பெஞ்சு மட்டும்தான், சாப்பாடு நம்முடையது. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பழக்கம் வைத்திருந்தோம். எல்லாருடைய டிபன் டப்பாவையும் கழுவிய தகடு ஒன்றில் கவிழ்த்துப் பிசைந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாப்பிடுவது. அதற்கு ‘கதம்பம்’ என்று பெயர். புளிச்சோறும் மீன் குழம்பும் தயிர்ச் சோறும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பசித்திருந்தோம்.

கதம்பம் தின்னும்போது சண்டை வரும். எங்கள் ஊரில் இப்படி, உங்கள் ஊரில் எப்படி என்கிற சண்டை. பொதட்டூர்பேட்டைக்காரர் முனுசாமி எங்களில் மூத்தவர், அம்மன் திருவிழாவை ‘ஜாத்திரை’ என்பார். அம்மன் முன்னால் சோற்றை ஆள் உயரத்துக்குக் குவித்து, அதன்மேல் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, ஊரே அள்ளித் தின்னும் ‘கும்பம்’தான் சாப்பாடு என்று அடித்துச் சொல்வார். ஆந்திர எல்லைக்காரன் சுப்பையா கூழை ‘அம்பலி’ என்பான், கார்த்திகையில் மாந்தோப்பில் சமைத்துச் சாப்பிடும் ‘வனபோஜன’த்துக்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்பான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாணிக்கத்துக்கு எதைச் சொன்னாலும் கூட்டாஞ்சோறுதான்.

“கூழெல்லாம் ஒரு சாப்பாடாலே? எங்க ஊர்க் கொடைக்கு வந்து பாரு,” என்று ஒருநாள் மாணிக்கம் தன் ஊர்க் கோயில் திருவிழாவைச் சொல்லி வம்புக்கு இழுத்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வருடம் அகப்பை முறை எங்கள் வீட்டுக்கு. அதாவது அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஊற்றுகிற பொறுப்பு. அப்பாவுக்குக் கை வலி என்று என்னை நிற்கச் சொல்லியிருந்தார். “வர்ற ஞாயித்துக்கிழம எல்லாரும் எங்க ஊருக்கு வாங்க. நான்தான் ஊத்தப்போறேன். குடிச்சிப் பாத்துட்டு அப்பால பேசுங்க,” என்றேன். வரச்சொன்னதில் தப்பில்லை. கூழ் எவ்வளவு இருக்கும், யார் யாருக்கு ஊற்ற வேண்டும் என்று யோசிக்காததுதான் தப்பு.

இங்கே அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்தவள். அவள் புருஷன் ஏகாம்பரத்துக்குத் தோள்பட்டை விட்டுப்போய் ஏரியில் வலை இழுக்க முடியாமல் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். காலையில் நான் சைக்கிளோடு நுழையும்போதெல்லாம் கேட்டைத் திறந்தபடி “இன்னா தம்பி, நாஷ்டா ஆச்சா?” என்பார். பிற்பகல் ஷிப்ட்டுக்குப் போனாலும் அதே நாஷ்டாதான். அஞ்சலை கூடையில் மீனும் கருவாடும் சுமந்து எங்கள் ஊர்த் தெருக்களில் விற்றாள். ஒரே மகள், பெயர் தேவகி. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு இடம் கூடி வந்திருந்தது. ஆடி கழிந்து ஆவணியில் விசாரிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் விசாரிக்கிறவர்கள் நிலம் எவ்வளவு, நகை எவ்வளவு என்று ஊராரைக் கேட்க மாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். “அந்த ஊட்டுக்கு ஊர்க்கூழ் உண்டா?” உண்டு என்றால் ஊர் அவர்களுக்குப் பொறுப்பு. இல்லை என்றால் டீயைக் குடித்துவிட்டுப் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

அஞ்சலை இரண்டு வருடம் கேட்டுப் பார்த்தாள். கோயில் பொறுப்பில் இருந்தவர் கன்னியப்பன் மாமா. உறவு ஒன்றுமில்லை, ஊரே அவரை மாமா என்றதால் நானும் மாமா. “நேத்து வந்தவங்க. நாளிக்கே மூட்டய கட்டிக்கினு போவாங்க. ஊர்க்கூழுன்னா சும்மாவா?” என்று தட்டிக்கழித்துவிட்டார். மூன்றாவது வருடம் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆடிக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, கருவாட்டுக்கு அஞ்சலையின் கூடை. கோயில் வாசலில் வைத்தே என் அம்மா அவரைக் கேட்டாள்.

“அவ கருவாடு வோணும், அவ கூழ் மட்டும் வாணாமா?”

சரி, பானையை எடுத்துவரட்டும் என்று மாமா கையை மட்டும் ஆட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிநேகிதர்கள் பாசஞ்சரில் வந்து இறங்கி, வயல் வரப்பில் சறுக்கி, சேறும் சிரிப்புமாக வந்து சேர்ந்தார்கள். நான் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, கொட்டாங்கச்சி அகப்பையோடு அண்டாவின் பக்கத்தில் நின்றேன். கன்னியப்பன் மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படைத்து முடித்ததும் ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு குறை சொல்லாமல் விட மாட்டார். “இன்னாம்மா, தண்ணிய மட்டும் தூக்கிக்கினு வந்துகிற?” “நொய் வேவல.” என் அம்மாவிடம், “இந்த தபாவும் தீச்சிட்டியா?” குறை கேட்ட வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே பானையை அண்டாவில் கவிழ்ப்பாள். அஞ்சலையின் பானை கடைசி. மாமா அதிலும் ஒரு சொட்டு விட்டு நக்கினார். ஒன்றும் சொல்லாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அஞ்சலை ஒரு நிமிடம் அவர் முதுகைப் பார்த்துவிட்டுத் தானாகக் கவிழ்த்தாள்.

பிறகு நான் ஊற்ற ஆரம்பித்தேன். முதலில் விருந்தாளிகளுக்கு. சுப்பையா ஒரு சொம்பு குடித்து, “அம்பலி பாக உந்தி நைனா,” என்று தெலுங்கில் மெச்சி இன்னொன்று கேட்டான். அப்புறம் இன்னொன்று. முனுசாமி கும்பத்தை மறந்தே போனார். மாணிக்கம் முதலில் முகத்தைச் சுளித்தான், பச்சை மாங்காயைக் கடித்துக்கொண்டு குடித்தான், பிறகு நாலு சொம்பு வாயைத் திறக்காமல் உள்ளே போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த குஷியில் வந்த பானைக்கெல்லாம் ஒரு சொம்புக்கு இரண்டாக ஊற்றினேன். தெரிந்தவர், தெரியாதவர், வழியில் போன மாட்டு வண்டிக்காரர் எல்லாருக்கும் வாரி வழங்கினேன். அகப்பை அடியில் உரசியபோதுதான் அண்டாவை எட்டிப் பார்த்தேன். எதிரே பானையை ஏந்திக்கொண்டு அஞ்சலை மட்டும் நின்றிருந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கடைசியில் நிற்க வேண்டும் என்பதால் அவள் அதுவரை நகரவே இல்லை.

நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அண்டாவைச் சாய்த்துக் காட்டினேன். சிரித்தேன். “தீந்துபோச்சிக்கா. அடுத்த வருசம் ரெண்டு சொம்பா ஊத்திட்றேன்,” என்றேன். சிநேகிதர்களும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த பானையை வாங்கி, வாயோரத்தில் ஒட்டியிருந்த வேப்பிலையைத் தட்டிவிட்டு, சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தேன். ஏதோ பெரிய உபகாரம்போல. அவள் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பரவாயில்லை, பெருந்தன்மையான பொம்பளை என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். ஊர்க் கட்டு எனக்குத் தெரியாதது இல்லை. அன்று அது நினைவுக்கே வரவில்லை. ஊற்றாமல் விடுவது ஊர் செய்கிற காரியம், நான் செய்தால் அதில் என்ன இருக்கிறது என்று எங்கோ உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் ஏகாம்பரம் அண்ணன் நாஷ்டா ஆச்சா என்று கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். தோள் வலிக்கிறதாக்கும் என்று போய்விட்டேன். மாலையில் வீடு திரும்பியபோது அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சல கூடையோட போறா. நான் கூப்ட்டும் நிக்காம போறாடா. இன்னா ஆச்சி அவளுக்கு?” என்றாள். பிறகு சந்தேகம் வந்து கேட்டாள். “நேத்து அவ பானைல ஊத்துனியா?”

“எங்க ஊத்தறது? தீந்துபோச்சி. காலிதான்.”

அம்மா பேச்சை நிறுத்தினாள். முன்பே சொன்னேன், அவள் அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை. “அடப்பாவி. ஊரு செய்யாதத நீ ஒருத்தனா செஞ்சிட்டு வந்துகிறியேடா,” என்றாள். அப்போதுதான் எனக்கு ஊர்க் கட்டு நினைவுக்கு வந்தது. ஆவணிக்கு அதிக நாள் இல்லை. மீஞ்சூர்க்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து கேட்கும்போது ஊர் என்ன சொல்லும்? முந்தின நாள் அஞ்சலை காலிப் பானையோடு நடந்து போனதைத் தெரு முழுக்கப் பார்த்திருந்தது. அம்மனே வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று இரண்டொருவர் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள்.

கன்னியப்பன் மாமாவிடம் ஓடினேன். அவர் வாசலில் உட்கார்ந்து மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கூழ் வார்க்க முடியுமா என்று கேட்டேன்.

“ஆத்தாளுக்கு வருசத்துக்கு ஒரு தபாதான். நீ பிசாத்து ஆளுங்களுக்கு ஊத்திக் காலி பண்ணதுக்கெல்லாம் மறுக்கா ஊத்த முடியாது,” என்றார்.

“எங்க ஊட்ல காச்சி ஒரு சொம்பு குடுத்துட்றேன் மாமா.”

“அது உங்க ஊட்டுக் கூழு. எல்லா ஊடும் கலந்தாதான்டா ஊர்க்கூழு.” கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

வழி சொன்னவள் அம்மாதான். கூழ் புளிக்கப் புளிக்க நல்லது. ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த ஊர்க்கூழில் கொஞ்சத்தை எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள். அடுத்த கூழுக்கு மாவு கரைக்கும்போது புளிப்புக்காக அதிலிருந்து ஊற்றுவார்கள். “நீ வாரி வாரி ஊத்துனது எங்கயும் போவல. எல்லா ஊட்லயும் கொஞ்சம் கொஞ்சம் கீது. போய்க் கேட்டு வாங்கியா,” என்றாள். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் அது குறைந்துகொண்டே வரும். யார் வீட்டில் எப்போது சட்டி கழுவுவார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த வாரம் செவ்வாயிலிருந்து எனக்குப் பிற்பகல் ஷிப்ட். காலை என் கையில். அம்மா என் டெரிலின் பேண்ட்டைக் கழற்றச் சொல்லி மஞ்சள் வேட்டி ஒன்றைக் கட்டிவிட்டாள். கையில் ஒரு பானை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வீடு வீடாக மடிப்பிச்சை கேட்பவர்கள் அப்படித்தான் போவார்கள். முதல் வீட்டுக் கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா வேண்டுதல் நைனா? கல்யாணமா?”

“இல்ல தாத்தா. அஞ்சலக்கா பானைய காலியா குடுத்துட்டேன். உங்க ஊட்ல ஊர்க்கூழ் மிச்சம் கீதா?”

இந்த வாக்கியத்தை அன்று எத்தனை முறை சொன்னேனோ. முதலில் வாய் குழறியது. தெருக்கோடியில் திரும்பும்போது பழகிவிட்டது. சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் என்னோடு படித்தவனின் மனைவி, “டிப்டாப்பா சைக்கிள்ல போவீங்களே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டியைச் சுரண்டிக் கொண்டுவந்தாள். சிலர் தீர்ந்துவிட்டது என்றார்கள், மெய்யாகவே தீர்ந்திருந்தது. சிலர், “கன்னியப்பன் இன்னா சொல்றாரு?” என்று கேட்டுவிட்டுக் கதவோரம் நின்றார்கள். அவர்கள் தரவில்லை. ஒரு நாய் என் மஞ்சள் வேட்டியைக் கண்டதும் ஆரம்பித்த குரைப்பை நான் தெருவைத் தாண்டும் வரை நிறுத்தவில்லை. கர்வத்தில் ஊற்றியது கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்திருந்தது. கேட்டு வாங்குவது காலைப் பொழுது முழுவதையும் விழுங்கியது.

கன்னியப்பன் மாமா வீட்டைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். கால் போகவில்லை. அந்த வீட்டிலிருந்து வராமல் அதை ஊர்க்கூழ் என்று ஊர் ஒத்துக்கொள்ளாது. மாமா நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் அதே கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கயிற்றை விடவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி பச்சையம்மா அத்தை ஒரு சொம்போடு வந்தார். மாமாவைத் தாண்டி வந்து என் பானையில் ஊற்றினார்.

“கெளறுனது நானு. தூக்கிக்கினு போனது நானு. குடுக்கறதுக்கு மட்டும் யாரக் கேக்கணும்?” என்றார். என்னிடம் சொன்னதுபோல் இருந்தது, என்னிடம் சொல்லவில்லை. மாமா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கயிற்றைத் திரித்தார்.

பானையில் முக்கால் பங்கு சேர்ந்துவிட்டது. அஞ்சலை வீட்டு வாசலில் போய் நின்றேன். வெயிலில் சாக்கு விரித்துக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தேவகி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் அழுதிருந்தது முகத்திலேயே தெரிந்தது. அஞ்சலை எழுந்திருக்கவில்லை.

“பானைய காலியா குடுக்கசொல்ல சிரிச்சிக்கினே குடுத்த. இப்ப இன்னா மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு வந்துகிற?”

“தப்பு பண்ணிட்டேன்கா. ஊர்க்கூழ் கொண்டாந்துகிறேன். ஊடு ஊடா வாங்கினது. உங்க பானைய குடுங்க.”

அவள் என் பானையை எட்டிப் பார்த்தாள். மறுபடி சாக்கின் கோடி வரை கருவாட்டைத் திருப்பினாள். என் தோள் வலித்தது. வாங்க மாட்டாளோ என்று பயமாகிவிட்டது. பிறகு எழுந்து கையை உதறினாள்.

“இங்க ஊத்தாத. நீ குடுத்தன்னு எங்க ஊட்ல மறைச்சி வெச்சிக் குடிக்கவா? கோயிலாண்ட வா. காலியா வாங்குனது அங்கதான்.”

அவள் முன்னால் போனாள், தலையில் காலிப் பானை. பின்னால் நான், கையில் கூழ்ப் பானை. பட்டப்பகல். கோயில் பூட்டியிருந்தது. எதிரே கிணற்றடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கூழ் கொடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேர் கையைத் துடைத்தபடி வந்தார்கள். அம்மாவும் வந்தாள், ஆச்சரியமாக வாயை மூடிக்கொண்டு. அஞ்சலை பானையை ஞாயிற்றுக்கிழமை ஏந்திய அதே இடத்தில் ஏந்தினாள். நான் ஊற்றினேன். கொஞ்சம் மண்ணில் சிந்தியது. அவள் பானையைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.

“தீஞ்ச வாசன அடிக்கிது,” என்றாள். கண்ணில் நீர் நின்றது. என் அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள்.

அன்றைக்குப் பிற்பகல் ஷிப்ட்டுக்குப் போனபோது ஏகாம்பரம் அண்ணன் கேட்டைத் திறந்தார். “இன்னா தம்பி, நாஷ்டா ஆச்சா?” என்றார். ஆச்சிண்ணா என்றேன். உண்மையில் அன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கதம்பத்துக்கும் நேரம் கடந்திருந்தது.

ஆனால் மிச்சம் ஒன்று இருந்தது. அஞ்சலை பானையில் ஊர்க்கூழ் இருக்கிறது என்று நான் சொன்னால் ஆயிற்றா? ஆவணி பிறந்து ஒரு காலையில் மீஞ்சூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். நான் வேண்டுமென்றே பக்கத்து பெஞ்சில் இருந்தேன். அவர்கள் கேட்டது கன்னியப்பன் மாமாவிடம். வேறு யாரிடம் கேட்பார்கள்?

“கருவாட்டுக்கார அம்மா ஊட்டுக்கு ஊர்க்கூழ் உண்டுங்களா?”

மாமா வெற்றிலையை மென்றார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். என் டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது.

“உண்டு,” என்றார். “அவங்க ஊட்டுக் கூழ்ல உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.”

எனக்கு அங்கேயே அவர் காலைப் பிடிக்கலாம் போலிருந்தது. கார்த்திகையில் தேவகிக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்கப்புறம் வருடா வருடம் படைத்து முடித்ததும் மாமா அஞ்சலையின் கூழை நக்கிவிட்டு, “இன்னாம்மா, ஏரித் தண்ணியவே கொண்டாந்து ஊத்திட்டியா?” என்பார். அஞ்சலை சிரித்துக்கொண்டே கவிழ்ப்பாள். யார் அகப்பையைப் பிடித்திருந்தாலும் அவள் பானையை ஏந்திக்கொண்டே என்னைக் காட்டி, “தம்பி காலி பண்றதுக்குள்ள ஊத்துங்க,” என்பாள். எனக்கு நாற்பது வயதான பிறகும் அதைச் சொன்னாள்.

கதம்பம் முதலில் போயிற்று. கம்பெனியில் நிஜமான கேன்டீன் வந்தது, தட்டு தட்டாகச் சாப்பாடு. முனுசாமி ரிட்டயராகி ஊருக்குப் போனார். மாணிக்கம் தூத்துக்குடிப் பக்கம் மாற்றிக்கொண்டான், சுப்பையா எங்கே என்று தெரியாது. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, வேறு பெயரில் வேறு எதையோ செய்கிறார்கள். மாமாவும் அஞ்சலையும் என் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். வயலில் பாதி மனைக்கட்டாகிவிட்டது. ஊரில் ஆடிக் கூழ் இன்றைக்கும் உண்டு. இப்போது காலனித் தெருவும் அதே வரிசையில்தான் நிற்கிறது, அது எனக்குச் சந்தோஷம். ஆனால் பானை யாரும் கொண்டுவருவதில்லை. ஒரே அண்டாவில் சமையல்காரர் காய்ச்சிவிடுகிறார். பெண் விசாரிக்கிறவர்கள் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஊர்க்கூழைக் கேட்பதில்லை.

கேட் அருகே காகிதக் கப்பை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். உப்பு போதவில்லை.

“யாரு வீட்டுக் கூழ்ப்பா இது?” என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

“ஆர்டர் அங்கிள். கேட்டரிங்ல இருந்து வந்துச்சு. ஏன், நல்லா இல்லியா?”

நல்லா இருக்குப்பா என்றேன். அவனிடம் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, குறையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பானையைக் கவிழ்க்க அங்கே ஒரு வீட்டுக்காரி இல்லை. காலி சொம்போடு மூன்று மாடி ஏறினேன்.